வெளியே ஒரு மேசை

வெளியில் இருந்து சாப்பிடுவதாம். மார்கழி மாதத்து மொன்றியலில், ஆற்றங்கரையில், மூக்கு இருந்த இடத்தில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டிய குளிரில், மரவாங்கில் ஆட்டுத்தோலை விரித்து, மடிக்கு ஆளுக்கொரு போர்வையைக் கொடுத்து, தலைக்கு மேல் காஸ் அடுப்பொன்றைக் குடை போல நட்டுவைத்துவிட்டு, இதற்குப் பேர் விருந்தாம். அடுப்பு உச்சந்தலையை மட்டும் வாட்டியது. முழங்காலுக்குக் கீழே கால் இருந்ததோ இல்லையோ, பரராசசிங்கத்தால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. சுற்றிவரப் பார்த்தார். பக்கத்து மேசையில் நாலு வெள்ளைக்காரர் கையுறையோடு கிளாசைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், சிரித்த சிரிப்பெல்லாம் புகையாய்ப் போனது. அதற்கப்பால் ஒரு குடும்பம் குழந்தையை உருட்டிக் கட்டி வாங்கில் இருத்திச் சூப் பருக்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு உள்ளே, மஞ்சள் வெளிச்சத்தில், சனம் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சாப்பிட்டது. அதுதான் மனிசர் சாப்பிடுகிற இடம். மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்து, சுவரைக் கண்டுபிடித்து, ஹீட்டரைக் கண்டுபிடித்து, எல்லாம் கண்டுபிடித்து முடிந்த பிறகு கொழுப்பெடுத்துப்போய்த் திரும்பவும் வெளியில் வந்து குந்தியிருக்கிறான். எதிரே குகதாசன் கம்பளித் தொப்பியைப் புருவம் மட்டும் இழுத்துவிட்டுக்கொண்டு, பிறந்ததே இந்த வாங்கில்தான் என்ற மாதிரி இருந்தான். சோக்கான இடமெல்லோ, வெள்ளையள் வாழத் தெரிஞ்சவங்கள் என்றான். பரராசசிங்கம் போர்வையை இன்னும் இறுக்கிச் சுற்றினார். வாயைத் திறந்தால் தூசணம்தான் வரும் என்று பயந்தார்.

பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற பொய். வெளியில் ஏன் இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். குகதாசனுக்கு இரத்தத்தில் புற்றுநோய். மனைவி யோகத்தின் ஒன்றுவிட்ட தங்கை வசந்தி ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவள். அவள்தான் கண்டவள். கையில் ஊசிக் குழாயோடு சாய்கதிரையில் இருந்தானாம், அவளைக் கண்டதும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்தானாம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுபோகும்தானே. அந்த வாட்டுக்கு வருகிறவர்கள் சனத்துக்குள் போகக் கூடாது அத்தான், ஒருத்தர் இருமினாலே ஆளைக் கொண்டுபோய்விடும் என்று வசந்தி சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் ஒவ்வொன்றாய்ப் பிடிபட்டது. திருவெம்பாவைப் பூசைக்குக் கோயிலுக்கு வந்தவன் உள்ளே வராமல் கார் நிறுத்துகிற இடத்திலேயே நின்று கும்பிட்டது. ஏன் என்று கேட்டதற்குப் போன் கதைக்க வேண்டும் என்று சாட்டுச் சொன்னது. கூட்டாளி மணியத்தின் அறுபதாம் கலியாணத்துக்கு வராமல் நாரிப்பிடிப்பு என்றது. வீட்டுக்குள் தொப்பி. தொப்பிக்குள் மயிர் இல்லை என்பதை இப்போது பரராசசிங்கம் பார்க்காமலே பார்த்தார். நோய் வருத்தத்துக்கு ஸ்டைல் என்று பெயர் வைத்து, அதற்கு ஆட்டுத்தோலும் போர்த்தி, அவரைக் கூப்பிட்டு எதிரே இருத்தியிருக்கிறான். நாட்கணக்காய் இந்த விஷயம் அவருடைய நெஞ்சுக்குள் மீன் முள்ளுப் போலக் கிடந்து குத்துகிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

யாரிடம் ஒளிக்கிறான்? அதுதான் அவரால் தாங்க முடியாதது. ஊரிடம் ஒளிக்கட்டும், ஊர்வாய் அப்படி. மற்றவர்களிடம் ஒளிக்கட்டும். ஆனால் பரராசசிங்கத்திடமுமா? காரணம் அவருக்குத் தெரியாமலில்லை. பரராசசிங்கத்தின் ஒரே மகன் கபிலனுக்கும் குகதாசனின் ஒரே மகள் ஆரபிக்கும் வருகிற ஆவணியில் கலியாணம். பிள்ளைகள் இரண்டும் வன்கூவரில் வேலை, இரண்டுக்கும் ஒன்றும் தெரியாது. எங்கள் சனத்தில் கலியாணம் பேசிவிட்டால் வருத்தம் என்ற சொல்லையே வீட்டுக்குள் எடுக்கக் கூடாது. சம்பந்தம் முடியும்வரை சீனி வருத்தக்காரன் பாயாசம் குடிப்பான், நெஞ்சு வருத்தக்காரன் மாப்பிள்ளை வீட்டுப் படியெல்லாம் பாய்ந்து ஏறுவான். பெண்ணைப் பெற்றவன் படுக்கையில் கிடந்தாலும் பெண்ணைக் கொடுத்த பிறகுதான் கிடக்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் அந்த மாப்பிள்ளை வீடு எது? இவர். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாய்க் கூடத் திரிந்தவரைப் பிடித்து ஒரே நாளில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஆக்கிவிட்டான். முதலில் "டேய்" போனது. பிறகு "நீ" போய் "நீர்" வந்தது. இரும், குடியும், பாரும். மனைவி திலகா பக்கத்தில் நின்றால் "சம்பந்தியார்" என்றும் சொல்வான். பகிடி என்று நினைத்து இவரும் சிரித்தார். சிரித்த வாயில் இப்போது அறைய வேண்டும் போல இருந்தது, தன் வாயில்தான். யோகம் வேறு. காலையில் இவர் சப்பாத்துப் போடும்போது வந்து நின்றாள். "இண்டைக்கு அந்தாள் தானாத் தன்ர வாயால சொன்னால் வேற கதை. ஒளிச்சால், எங்களுக்கும் இருக்கிறது ஒரு பிள்ளைதான். நான் திலகாவுக்கு போன் எடுத்து வேண்டாம் எண்டு சொல்லிப்போடுவன்." பரம்பரை வருத்தமோ என்னவோ என்று முதலில் தொடங்கினாள், பிறகு அதை விட்டுவிட்டு, வருத்தம்கூடப் பெரிசில்லை, ஒளிக்கிற வீட்டில் பெண் எடுக்க மாட்டேன் என்றாள். சொன்னால் செய்வாள். இவருக்கு அவளிலும் கோபம். அவள் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது, அதனால் கூடுதல் கோபம். நீ கேட்டால் என்ன என்று அவருடைய மனமே அவரைக் கேட்டது. ஏன் கேட்க வேண்டும்? அவன் சொல்ல வேண்டும். கேட்டு வாங்குகிறதுக்கு இது என்ன கடையில் சாமானா?

பரிமாறுகிற பெட்டை ஒன்று, கன்னம் இரண்டும் சிவந்துபோய், பொன்சூர் என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிக்கொண்டு கிளாஸ் இரண்டைக் கொண்டுவந்து வைத்தாள். காய்ச்சின வைன். கறுவாப்பட்டை, கராம்பு, தோடம்பழத் துண்டு எல்லாம் மிதந்தது. தடிமனுக்கு மல்லித்தண்ணி அவிக்கிற மாதிரி அவித்து, அதற்குள் சாராயக் குணத்தை வைத்திருக்கிறார்கள். பரராசசிங்கம் வெறுப்போடு ஒரு மிடறு குடித்தார். நல்லாயிருந்தது. தொண்டையால் இறங்கி, நெஞ்சுக்குள் பரவி, காது மடல் வரைக்கும் போய்ச் சுட்டது. வெளியே குளிர் எவ்வளவுக்கு இருந்ததோ அவ்வளவுக்கு உள்ளே அந்தச் சூடு இனித்தது. வீட்டுக்குள் இருந்து குடித்திருந்தால் இந்த ருசி வந்திராது என்பது அவருக்கே தெரிந்தது, அது அவருக்குப் பொறுக்கவில்லை. பனி வெயிலில் பளபளத்தது, ஆறு கரையோரம் உறைந்து நடுவில் கறுப்பாய் ஓடியது, உருகிய சீஸைக் கிழங்கில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள், அதுவும் நல்லாயிருந்தது. நல்லாயிருக்கக் கூடாது. இன்றைக்கு ஒன்றும் நல்லாயிருக்கக் கூடாது. குகதாசன் தன் கிளாசை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு வாய்வரை கொண்டுபோவதும் இறக்குவதுமாய் இருந்தான். குடிக்கவில்லை. ஒரு போத்தலைத் தனியாய் முடித்துவிட்டு, தேவாரம் பாடுகிறவன். குடிக்கிற மாதிரி நடிக்கிறான், நான் பார்க்காத மாதிரி நடிக்கிறேன், இரண்டு கிழட்டு நடிகர்கள், பார்க்க ஒருத்தருமில்லாத நாடகம். வெளியில் இருந்து தின்பது எங்களுக்குப் புதிதா? கனடாவுக்கு வந்த முதல் மாரிக்குளிரில் இரண்டு பேரும் ஒரு றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினார்கள். கறி மணக்கிறது, உள்ளே வைத்துத் தின்னக் கூடாது என்று சமையற்காரன் சொல்லிவிட்டான். பின் ஒழுங்கையில், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில், குசினிக் காற்று வெளியே வருகிற குழாய்க்கு அடியில் நின்று தின்றார்கள். வெங்காயம் பொரிகிற வாசத்தோடு சூடாய் ஒரு காற்று வரும். அந்தச் சூட்டுக்குக் கீழே ஒருத்தன்தான் நிற்கலாம். பாணைக் குழம்பில் தோய்க்கப் போனால் குழம்பின் மேல் எண்ணெய் வெள்ளையாய் உறைந்திருக்கும். குகதாசன் எப்போதும் குழாய்க்குக் கீழே இவரைத்தான் விட்டான். எனக்கு வேர்க்கிறதடா, நீ நில் என்பான். விறைத்து நீலம் பாரித்த உதட்டோடு எனக்கு வேர்க்கிறது என்பான். அன்றைக்கும் பொய்தான். பிறவியிலேயே பொய்யன். பரராசசிங்கம் வைனை ஒரே இழுவையில் குடித்து முடித்துவிட்டு இன்னொன்று கொண்டுவரச் சொன்னார்.

குகதாசன் கதைத்துக்கொண்டிருந்தான். மண்டபக்காரனைப் பற்றி, மணவறைச் சோடினையைப் பற்றி, ஆரபிக்குக் கூறைச் சேலை அரக்கா மாம்பழ மஞ்சளா என்று தாயும் மகளும் போனில் அடிபடுவதைப் பற்றி. குரல் அதே குரல்தான். ஆனால் இடையிடையே மூச்சு வாங்கியது, மூச்சு வாங்குவதை மறைக்க ஆற்றைப் பார்த்தான். பரராசசிங்கம் அவனுடைய கையைப் பார்த்தார். புறங்கையில் ஒரு பச்சைக் கன்றல். ஊசி ஏற்றின இடம். இவன் செத்துப்போவான். இந்த வாங்கில் எதிரே இருக்கிற இவன், தொப்பியும் மூக்கும் பொய்யுமாக இருக்கிற இவன், ஒரு நாள் இல்லாமல் போவான், பிறகு ஒருத்தரும் இவரை "பரா" என்று கூப்பிட மாட்டார்கள். அந்த நினைப்பை அவர் உடனே பிடித்து வெளியே தள்ளினார். கோபம்தான் வசதி. கோபத்துக்குள் இருந்தால் குளிராது. இருக்கட்டும், எத்தனையோ பேருக்குச் சுகமாகிறது, இப்போது எல்லாவற்றுக்கும் மருந்திருக்கிறது, மருந்திருக்கிற வருத்தத்துக்கு ஏன் ஒளிப்பு? மருந்தில்லாததால்தான் ஒளிக்கிறானோ? திரும்ப அதே இடம். செக்கு மாடு மாதிரிச் சுற்றிச் சுற்றி அதே இடம். "பரா, உம்மட்ட ஒரு விசயம் கதைக்கவேணும் எண்டுதான் வரச் சொன்னனான்," என்று குகதாசன் திடீரென்று சொன்னான். பரராசசிங்கம் கிளாசைக் கீழே வைத்தார். வருகிறது. சொல்லப் போகிறான். சொல்லடா, சொல்லிவிடு, நான் யோகத்துக்குப் போன் எடுக்கிறேன், எல்லாம் சரியாய்விடும். சொல்லாதே, சொல்லாதே, சொன்னால் அது உண்மையாகிவிடும். குகதாசன் வாயைத் திறந்து, மூடி, போர்வையின் நுனியை முறுக்கிக்கொண்டு, இல்லை, இந்தச் சாப்பாட்டுக்காரனைப் பற்றித்தான், சைவச் சாப்பாட்டுக்கு வேறை ஆளைப் பிடிப்பமோ என்றான். பரராசசிங்கத்துக்கு வந்த கோபத்தில் கண் தெரியவில்லை. அதற்குள் ஒரு நிம்மதியும் இருந்தது, அந்த நிம்மதியில்தான் அவருக்கு இன்னும் கோபம்.

அந்த நேரம் பார்த்து அடுப்பு அணைந்தது. காஸ் முடிந்துவிட்டது. குளிர், இவ்வளவு நேரமும் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாடு வேலியைப் பிரித்துக்கொண்டு வந்த மாதிரி, ஒரேயடியாய் உள்ளே வந்தது. பெட்டை ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள். மாற்றுச் சிலிண்டர் வர நேரமாகும், உள்ளே நெருப்படிக்குப் பக்கத்தில் மேசை ஒன்று இப்போதுதான் காலியாயிற்று, அங்கே மாறுகிறீர்களா என்று கேட்டாள். குகதாசன் வேண்டாம் என்று கை காட்ட முந்தியே பரராசசிங்கம் பிரெஞ்சில் உய், உய், மாறுகிறோம் என்றார். வேண்டுமென்றேதான் சொன்னார். இப்போது என்ன செய்வாய்? இப்போது சொல்லித்தானே ஆக வேண்டும். எலி வளையின் இரண்டு வாயையும் அடைத்தாயிற்று. "உள்ளுக்க போவம். எனக்குக் குளிருது," என்றார், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே. குகதாசன் கண்ணாடிக்கு உள்ளே பார்த்தான். மேசைக்கு மேசை சனம், தோளோடு தோள், ஒரு கிழவி கைலேஞ்சிக்குள் இருமிக்கொண்டிருந்தாள். பிறகு இவரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கணக்குப் பார்க்கிற ஒரு மனிதன் இருந்தான். "ஓ, போவமே," என்றான். "நானும் உம்மைக் குளிரில கொல்லுறன் என்ன." போர்வையை மடித்து வாங்கில் வைத்தான். எழுந்தான், மேசையைப் பிடித்துக்கொண்டு ஒரு தரம் நின்றான், நடந்தான். சட்டைப்பைக்குள் முகமூடி இருந்திருக்கும், ஆஸ்பத்திரிக்காரர் கொடுத்திருப்பார்கள், அதைக்கூட எடுக்கவில்லை. எடுத்தால் ஏன் என்று மாப்பிள்ளையின் தகப்பன் கேட்பான். பெட்டை கதவைத் திறந்து பிடித்தாள். சூடும் சத்தமும் சாப்பாட்டு வாசமும் சனத்தின் மூச்சும் ஒன்றாய் வெளியே வந்தது. குகதாசன் படியில் காலை வைத்தான். போகிறான். உண்மையாகவே போகிறான். சாவான், ஆனால் சொல்ல மாட்டான். பரராசசிங்கம் விறைத்த காலோடு எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்று தெரியாது. பின்னாலிருந்து ஜக்கெற்றைப் பிடித்து இழுத்த இழுவையில் குகதாசன் தடுமாறி அவர் மேலேயே சாய்ந்தான். ஜக்கெற்றுக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தது.

"இரடா நாயே. எனக்குத் தெரியும்."

பெட்டை கதவை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அணைந்த அடுப்புக்குக் கீழே இரண்டு பேரும் திரும்ப வந்து இருந்தார்கள். யார் சொன்னது, எப்போது தெரியும், எவ்வளவு தெரியும் என்று குகதாசன் ஒன்றும் கேட்கவில்லை. போர்வையை எடுத்து மடியில் போட்டு, அதன் சுருக்கத்தை எல்லாம் நீவி எடுத்துவிட்டு, "அப்ப கலியாணம்?" என்றான். முதல் கேள்வி அதுதான். பரராசசிங்கம் மேசையில் அடித்தார், சீஸ்க் கிழங்கு துள்ளியது, பக்கத்து மேசைச் சிரிப்பு நின்றது. இவ்வளவுதானா நான் உனக்கு, கதவுக்குள் போய்ச் சாகப் பார்த்தாயே, எனக்கு ஒரு சொல் சொல்ல உனக்கு நா எழவில்லையா, நான் எங்கேயோ ஊர் பேர் தெரியாத சம்பந்தியா என்று கத்தினார். தமிழில் கத்துவதில் ஒரு வசதி, சுற்றியிருந்தவர்களுக்கு விளங்காது. குகதாசன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "நீ பெடியன்ர தேப்பன்," என்றான். "உலகத்தில வேற ஆருக்கும் சொல்லியிருப்பன். உனக்கு எப்பிடிச் சொல்லுறது? எனக்கு எண்டால் பரவாயில்லை, என்ர பெட்டையின்ர கலியாணம் எல்லோ." பரராசசிங்கம் ஆறிப்போன கிழங்கை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு குகதாசன் சொன்னான், இன்றைக்கு வரச் சொன்னது ஒன்று கேட்கத்தான், கலியாணத்தைக் கொஞ்சம் முன்னுக்கு வைக்கலாமோ என்று கேட்க. அதற்கும் மண்டபம், சாத்திரம் என்று ஒரு பொய் யோசித்து வைத்திருந்தானாம். பொய்யைக்கூட ஒழுங்காய்ச் சொல்ல முடியாமல் சாப்பாட்டுக்காரன் வரைக்கும் போய்த் திரும்பி வந்தானாம்.

"எப்ப எண்டு சொல்லு," என்றார் பரராசசிங்கம். ஆடியில் செய்கிறதில்லை, ஆனி என்றார். குகதாசன் ஆற்றைப் பார்த்தான். ஆனி நல்ல மாதம், வெயிலும் இருக்கும் என்று தனக்குத்தானே சொன்னார். "வைகாசி?" குகதாசன் கிளாசுக்குள் ஆறிப்போன வைனைப் பார்த்தான். "டேய், வாயைத் திற. சித்திரை?" ஒன்றுமில்லை. பங்குனியில் ஒருத்தரும் செய்கிறதில்லை. "மாசி," என்றார், இப்போது கேள்வியாகக் கேட்கவில்லை, கெஞ்சலாக வந்தது, அவர் தன் ஆயுசில் அப்படி ஒரு குரலில் கதைத்ததில்லை. குகதாசன் நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் நீர் கட்டியிருந்தது, அல்லது காற்று. "தை எண்டால் எழும்பி நிண்டு என்ர கையால தாரை வார்ப்பன்," என்றான். "மாசிக்கு டொக்டர்மார் உறுதி சொல்லேல்லை. மண்டபத்துக்குள்ள சனத்துக்க நிக்கக் கூடாதாம், அதுக்கு என்ன செய்யிறது எண்டுதான் தெரியேல்லை." பரராசசிங்கத்துக்குத் திரும்பவும் பொங்கிக்கொண்டு வந்தது, இந்த முறை யார் மேல் என்று தெரியவில்லை, தை மாதத்தின் மேல், மேலே இருக்கிறவன் மேல், பளபளத்துக்கொண்டிருந்த அந்த வெயிலின் மேல். அப்ப வெளியில வைப்பம், என்ன குறைச்சல், அக்கினி வளர்க்கிறதுதானே, அது போதாதென்றால் இந்த அடுப்பில் பத்தை வாடகைக்கு எடுத்து நடுவம், ஐயருக்கு ஆட்டுத்தோல் ஆகாது, இரண்டு கம்பளி போர்த்துவம், வாற சனம் விறைக்கட்டும், விறைக்க ஏலாதவன் வீட்டில் கிடக்கட்டும் என்று மூச்சுவிடாமல் ஏசினார். குகதாசன் சிரித்தான். சிரிக்கப்போய் இருமினான், இரும இரும போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான். அவன் நிமிரும்வரை பரராசசிங்கம் காத்திருக்கவில்லை. கையுறையைப் பல்லால் கழற்றி, போனை எடுத்து, யோகத்துக்கு அடித்தார்.

அவள் உடனேயே எடுத்தாள். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "என்னப்பா, தானாச் சொன்னவரோ?" என்றாள், வேறு ஒரு பேச்சும் இல்லாமல். பரராசசிங்கம் குனிந்திருந்த அந்தத் தொப்பியைப் பார்த்தார்.

"ஓம், சொன்னவன்," என்றார். "நான் வந்து இருந்த உடன, ஒண்டும் கேக்க முதலே, ஒரு சொல்லு ஒளிக்காமல் எல்லாம் சொன்னவன். ஐயருக்குப் போன் அடிச்சுத் தைக்குள்ள நாள் பாக்கச் சொல்லு."